பூதக்கண்ணாடி அக்காவும் மிதவையின் அடிப்பக்கமும்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பதினெட்டு வருடம் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்த சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தையலோடு விரலை ஓட்டி, நல்லதை வலப்பக்கமும் கெட்டதை இடப்பக்கமும் போடுவாள். ஒரு சட்டைக்கு இருபது நொடி. தவறிப்போன ஒரே ஒரு தையல் கூட அந்த இருபது நொடியில் அவள் கண்ணுக்குத் தப்பாது. "யார் கண்ணுல வேணா மண்ணைத் தூவலாம், இவ கண்ணுல முடியாது" என்று சூப்பர்வைசரே சொல்வார்.

அப்படிப்பட்ட மேசைக்கு மேலே ஒரு நாள் குறையைத் தானே கண்டுபிடிக்கும் கேமரா மாட்டினார்கள். அடுத்த மாதம் செக்கிங்கில் இருந்த இருபது பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். துறைமுகத்துக்குப் போகும் தடம். கடைசி நிறுத்தம் ஒரு கல்லூரியின் வாசல். வேலை போன மூன்றாவது வாரம் அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"என்னங்க இது?"

"காலேஜ் அப்ளிகேஷன். கடைசி ஸ்டாப்புல பத்து நிமிஷம் வண்டிய நிறுத்துறேன்ல, அந்த கேட்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்கான். வயசு வரம்பு கிடையாதாம்."

"யாருக்கு? நம்ம பொண்ணு இன்னும் பதினொண்ணாவதுதானே படிக்கிறா?"

"உனக்குத்தான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பன்னெண்டாவதுல பயாலஜில ஸ்கூலுக்கே நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு கல்யாணமான புதுசுல நூறு தடவ சொல்லியிருக்க. இப்ப என்ன சிரிப்பு?"

சேதி நாத்தனார் காதுக்குப் போனது. சும்மா இருப்பாரா? "அம்மாவும் பொண்ணும் ஒண்ணா புத்தகப் பையைத் தூக்கிட்டுக் கிளம்பினா ஊரு என்னடா சொல்லும்?" என்று தம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஊருல யாருக்காவது சந்தேகம்னா என் பஸ்ல ஏறச் சொல்லுக்கா, போற வழியில விளக்கிச் சொல்றேன்" என்றார் அவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடல் உயிரியல் துறையில் இடம் கிடைத்தது. முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் இருபத்தோரு பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அவள் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. அன்று மதியத்துக்குள் எல்லோருக்கும் அவள் அக்கா ஆகிவிட்டாள். பழைய பெயர் எப்படியோ கசிந்துவிட, ஒரு வாரத்தில் பூதக்கண்ணாடி அக்கா.

முதல் வருடம் முழுக்க அவளுக்கு நாக்குத் தள்ளியது. வேதியியல் சூத்திரம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. வீட்டில் மகள்தான் டீச்சர். "எத்தனை தடவம்மா சொல்றது? கவனம் எங்க இருக்கு?" என்று மகள் அதட்டுவாள். அந்தக் குரல் தன்னுடைய குரல்தான் என்று அவளுக்குத் தெரியும், அதனால் வாயை மூடிக்கொள்வாள். தட்டுத் தடுமாறித் தேறினாள்.

இரண்டாம் வருடம் துறைக்கு ஒரு புதிய விரிவுரையாளர் வந்தார். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், பேச்சில் படபடப்பு, காலில் எப்போதும் ரப்பர் செருப்பு. பிள்ளைகள் அவரை மேடம் என்றார்கள், அவளும் மேடம் என்றாள். மேடம் வந்த பத்தாம் நாளே துறைத் தலைவரின் அறைக்குப் போய் ஒரு வம்பை விலைக்கு வாங்கினார்.

அந்தத் துறைமுகத்துக்கு ஒரு தலைவலி இருந்தது. ஒவ்வொரு வருடமும் குளிர்காலம் முடியும் தறுவாயில் ஜெல்லிமீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிறைந்துவிடும். வலையைத் தூக்கினால் மீனுக்குப் பதில் கொழகொழவென்று அதுதான். பாரம் தாங்காமல் வலை கிழியும். மின் நிலையத்துக்குக் கடல்நீர் இழுக்கும் குழாய்களின் வாய் அடைத்துக்கொள்ளும். குளிக்க இறங்கிய பிள்ளைகள் சொறிந்துகொண்டே கரையேறும். இத்தனையும் எங்கே பிறந்து வருகின்றன என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க இளநிலை மாணவர்களை இறக்கலாம் என்றார் மேடம்.

துறைத் தலைவர் பேனாவை மூடி வைத்தார். நாற்பது வருடம் கடலைப் பார்த்தவர், எளிதில் எதையும் நம்பாதவர்.

"பி.எஸ்ஸி பசங்களை வெச்சு ஆராய்ச்சியா? அவங்களுக்கு பீக்கர் எது, டம்ளர் எதுன்னே தெரியாதும்மா. டாக்டரேட் பண்ண வந்த ரெண்டு பேரே நாலு வருஷம் தேடிட்டு கைய விரிச்சுட்டாங்க."

"அதனாலதான் சார் கேக்கறேன். ரெண்டு பேர் தேடிக் கிடைக்கல. இருபத்திரண்டு பேர் தேடட்டுமே."

"ஆழம் தெரியாம காலை விடறீங்க."

"கடல் சார். காலை விட்டாத்தான் ஆழம் தெரியும்."

அவர் சிரித்துவிட்டார் போலிருக்கிறது. ஒரு செமஸ்டர், ஒரு பழைய மைக்ராஸ்கோப், ஸ்டோர் ரூமில் ஒரு மூலை. இவ்வளவுதான் கிடைத்தது.

மேடம் பிள்ளைகளுக்கு விளக்கினார். நாம் பார்க்கும் ஜெல்லிமீன் அதன் வாழ்க்கையில் பாதிதான். மற்றப் பாதியில் அது நீந்தாது. கடலுக்கடியில் எதிலாவது ஒட்டிக்கொண்டு, கடுகு அளவில், ஒரு பூ மொட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். அதற்கு பாலிப் என்று பெயர். காலம் வரும்போது ஒரே பாலிப்பிலிருந்து பத்துப் பதினைந்து குட்டி ஜெல்லிமீன்கள் கழன்று நீந்திப் போகும். அந்த பாலிப் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் கதை முடிந்தது.

கடலுக்குள் தகடுகளைத் தொங்கவிட்டால் பாலிப் வந்து ஒட்டலாம் என்று துறைமுகச் சுவரோரம் கயிற்றில் அறுபது தகடுகளை இறக்கினார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை தூக்கி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். பாசி இருந்தது. கூர் கூரான ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு இருந்தது. புழு இருந்தது. பாலிப் மட்டும் இல்லை. மூன்று மாதம் இதே கதை. இருபத்திரண்டு பேர் பதினைந்து ஆனார்கள், பிறகு ஏழு. மேடத்தின் படபடப்புக்கூடக் குறைந்து போயிற்று.

பூதக்கண்ணாடி அக்கா அந்த ஏழில் ஒருத்தி. அறுபது தகட்டில் நாற்பதை அவள்தான் பார்த்திருந்தாள். ஒரு நாள் பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. பதினெட்டு வருடத்தில் ஒரு நாளாவது சட்டையின் வெளிப்பக்கத்தைப் பார்த்திருக்கிறாளா? வெளிப்பக்கம் எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். குறை எல்லாம் உள்பக்கத் தையலில், மடிப்பில், யாரும் பார்க்காத இடத்தில். இங்கே தகடுகள் வெயில் படும் சுவரோரம் அல்லவா தொங்குகின்றன?

மறுநாள் காலையில் மேடத்திடம் போனாள்.

"மேடம், இது எதுக்கு அடியில போய் ஒளியும்?"

"நிழல் பிடிக்கும்னு படிச்சிருக்கேன். தலைகீழா தொங்கறதும் பிடிக்கும். மேல மண்ணு படியாதுல்ல."

"அப்ப மிதக்கற படகுத்துறையோட அடிப்பக்கத்த யாராவது பாத்திருக்காங்களா?"

மேடம் கண்ணை அகல விரித்தார்.

சின்னப் படகுகள் கட்டும் அந்தப் படகுத்துறை, வரிசையாகக் கோத்த பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் மிதந்தது. மொத்தம் நூற்று நாற்பது பீப்பாய். அதன் அடிப்பக்கம் வெயிலைப் பார்த்ததே இல்லை. அக்கா வீட்டுக் குளியலறையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி எடுத்து, ஒரு துடைப்பக் கட்டையில் கட்டிக்கொண்டு வந்தாள். கூட வந்தவன் கொக்கு என்று பெயர் எடுத்த ஒரு மாணவன். ஆறடிக்கு மேல் உயரம், வாய் மட்டும் ஓயாது. அவன் டார்ச் பிடிக்க, அவள் மிதவைச் சட்டையோடு பலகையில் குப்புறப் படுத்து, கண்ணாடியைத் தண்ணீருக்குள் விட்டாள்.

துறைமுகக் காவலாளி ஓடி வந்தார்.

"என்னம்மா விழுந்துச்சு? மோதிரமா, போனா?"

"ஒண்ணும் விழலீங்க. ஜெல்லிமீனோட குழந்தைங்களத் தேடறோம்."

"அதுங்க காணாமப் போச்சுன்னு யாரு உங்ககிட்ட புகார் கொடுத்தா?"

கொக்கு சிரித்த சிரிப்பில் டார்ச் ஆடியது. "ஆட்டாதடா!" என்று அக்கா அதட்டினாள். அடுத்த நொடி அவள் குரல் மாறிவிட்டது. "தம்பி, ஆட்டாத. அப்படியே பிடி."

கண்ணாடியில் பீப்பாயின் அடிப்பக்கம் தெரிந்தது. முதலில் பூஞ்சை பிடித்தது போல இருந்தது. பிறகு அந்த வெள்ளை முழுக்கத் தனித்தனிப் புள்ளிகள் என்று தெரிந்தது. அலை வரும்போது எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தன.

சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார்கள். சின்னக் கிண்ணம் மாதிரி உடம்பு, வாயைச் சுற்றி நூல் நூலாகக் கொடுக்குகள். மேடம் துறைத் தலைவரைக் கூப்பிட ஓடினார். அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாறையில ஒட்டிக்கிற கடல் சாமந்தியோட குஞ்சு கூட இப்படித்தான் இருக்கும்."

"கொடுக்கு எண்ணிப் பாத்தேன் சார்" என்றாள் அக்கா. "நூத்துப் பன்னெண்டு எண்ணினேன். தொண்ணூத்தேழுல சரியா பதினாறு. மீதி சின்னது, இன்னும் வளரல. சாமந்திக்கு ஆறு, பன்னெண்டுன்னுதானே சார் வரும்?"

அவர் அவளை முதல் முறையாக நன்றாகப் பார்த்தார்.

"உட்கார்ந்து நூத்துப் பன்னெண்டு எண்ணினீங்களா?"

"ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்தைந்நூறு சட்டை பாத்தவ சார்."

"நல்லது. ஆனா இது அடையாளம்தான், சாட்சி இல்ல. இது ஜெல்லிமீன்தான்னா, இதுலேருந்து ஒரு ஜெல்லிமீனை எனக்குக் காட்டுங்க."

நியாயமான பேச்சு. ஆனால் அந்த வாரமே கோடை விடுமுறை வந்தது. கட்டடத்தைப் பூட்டிச் சாவியைத் தலைவர் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகத் தயாரானார். ஸ்டோர் ரூமில் விட்டால் பட்டினியில் செத்துப்போகும். ஏழு பேரும் ஆளுக்கு ஒரு ஜாடியாகப் பங்கிட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

அக்காவின் வீடு தகரக் கூரைக்குக் கீழே இரண்டு அறை. வெயில் காலத்தில் அடுப்புக்குள் இருப்பது போலத்தான். அந்தச் சூட்டில் ஜாடியை வைக்க மனம் வரவில்லை. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தக்காளியை ஒதுக்கி இடம் செய்து, "குடிக்காதீங்க, உயிர் இருக்கு" என்று எழுதி ஒட்டினாள். நாளுக்கு ஒரு முறை வெளியே எடுத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் இரை கொடுப்பாள். முட்டையிலிருந்து அவளே பொரிக்க வைத்த இறால் பூச்சிகள், கண்ணுக்கே தெரியாத அளவு. பாலிப் ஒவ்வொன்றும் கொடுக்கை மடக்கி இரையை வாய்க்குள் தள்ளிக்கொள்வதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

"நான் பஸ்ஸை விட்டு வந்தா தண்ணி குடிச்சியான்னு கேக்க ஆளில்ல" என்றார் கணவர். "இதுங்களுக்கு வேளாவேளைக்கு ஊட்டல்."

"நீங்களும் ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காருங்க, ஊட்டி விடறேன்."

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது ஞாயிற்றுக்கிழமை காலை, துணி அலசிக்கொண்டிருந்தவளை மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, இதுங்களுக்கு ஏதோ வியாதி. இடுப்பு இடுப்பா மடிப்பு விழுந்திருக்கு."

ஈரக் கையோடு ஓடி வந்து ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நீண்டு, பழுப்பேறி, ஒவ்வொரு பாலிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சின்னச் சின்னத் தட்டுகள் மாதிரி ஆகியிருந்தது. ஒன்றின் உச்சித் தட்டு துடித்துக்கொண்டிருந்தது. துடித்தது, இழுத்தது, பட்டென்று கழன்றது. எட்டுக் கைகள் உள்ள ஒரு நட்சத்திரம், எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது, சுருங்கி விரிந்து சுருங்கி விரிந்து ஜாடியின் மேல் பக்கம் நீந்திப் போயிற்று.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பிறகு மேடத்துக்குப் போன் செய்து, "மேடம், பிறந்துடுச்சு" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதற்கு மேல் அழுகை. அரை மணி நேரத்தில் மேடம் வந்து நின்றபோது ஒரு காலில் ரப்பர் செருப்பு, இன்னொரு காலில் வேறு செருப்பு.

கல்லூரி திறந்த நாளில் ஜாடி கணவரின் பேருந்தில்தான் பயணம் செய்தது. அக்கா முன் இருக்கையில் ஜாடியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு வேகத்தடையையும் பூப்போலத் தாண்டினார்.

"என்ன டிரைவர், இன்னிக்கு வண்டி தவழுது? எனக்கு ஆபீஸ் இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பிறந்து ஒரு வாரம் ஆன பச்சப் பிள்ளைங்க நாப்பது பேர் வண்டியில இருக்காங்க சார். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

பேருந்தே திரும்பிப் பார்த்தது. ஜாடியை எட்டிப் பார்த்தவர்கள் அப்புறம் அவசரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆபீஸ்காரர் அவருடைய நிறுத்தத்தில் இறங்க மறந்து, அடுத்ததில் இறங்கினார்.

மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணைத் துறைத் தலைவர் ரொம்ப நேரம் எடுக்கவில்லை. சுற்றி ஏழு மாணவர்களும் மேடமும் நின்றார்கள்.

"எத்தனை?" என்றார் குனிந்தபடியே.

"நேத்து முப்பத்தெட்டு சார். இன்னிக்கு நாப்பத்தொண்ணு."

அவர் நிமிர்ந்தார். "கட்டடத்தைப் பூட்டிட்டுப் போனது நான்தான். செத்திருந்தா அந்தப் பாவம் என்னோடது. மன்னிச்சிடுங்கம்மா." பிறகு மேடத்தைப் பார்த்து, "ஸ்டோர் ரூம் மூலை போதாது. முன்பக்கத்து லேப் உங்களுக்கு" என்றார்.

வேலை அதற்குப் பிறகுதான் மும்முரமானது. துறைமுகத்தில் பிடித்த பெரிய ஜெல்லிமீனும் பீப்பாயின் பாலிப்பும் ஒரே இனம்தானா என்று மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்றேதான் என்று முடிவு வந்தது. ஏழு பேரும் நூற்று நாற்பது பீப்பாய்க்கு அடியிலும் உள்ளங்கை அளவு சட்டம் வைத்து எண்ணினார்கள். ஒரு பீப்பாய்க்குச் சராசரி முப்பதாயிரம் பாலிப் என்று கணக்கு வந்தபோது துறைமுக அதிகாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நாங்கதான் வாடகை வாங்காம வளத்திருக்கோமா?"

அந்த வருட இறுதியில் ஒரு பெரிய ஆராய்ச்சி மாநாடு. கட்டுரையை எழுதிய ஒன்பது பேரில் முதல் பெயர் அக்காவுடையது. மேடையில் ஏறிப் பேச வேண்டியதும் அவள்தான். ஒரு மாதம் மகள் முன்னால் ஒத்திகை பார்த்தாள். மேடையில் ஏறியதும் முதல் இரண்டு நிமிடம் தாளைப் பார்த்தே படித்தாள். முதல் படம், பீப்பாயின் அடிப்பக்கம், திரையில் விழுந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அதைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அந்த அரங்கில் யாருக்கும் தெரியாது.

பேசி முடித்ததும் முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தியவர், கேள்வியால் ஆளைக் கவிழ்ப்பதில் பேர் போனவர்.

"ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் நடந்ததை எப்படி ஆராய்ச்சி என்று ஏற்றுக்கொள்வது?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"சரியான கேள்வி சார்" என்றாள் அக்கா. "அதை நாங்க திட்டம் போட்டுச் செய்யல. ஏழு ஜாடியில ஆறு வெளியே இருந்துது, அதுல ஒண்ணுலகூடக் குட்டி பிரியல. ஒரு ஜாடி அளவுக்கு மீறி ஊட்டிச் செத்தே போச்சு." கொக்கு தலையைக் குனிந்துகொண்டான். "என்னோடது குளிர்ல இருந்துது. வெயில் காலத்துல குளிர்காலம் வந்துடுச்சுன்னு என் ஃப்ரிட்ஜ் அதுங்ககிட்ட பொய் சொல்லிடுச்சு. அதைப் பாத்தப்புறம் திட்டம் போட்டு, லேப்ல, வெப்பமானி வெச்சு மூணு தடவ செஞ்சோம். மூணு தடவையும் குளிர்ல வெச்சது பிரிஞ்சுது, வெளியே வெச்சது பிரியல. கணக்கு எல்லாம் அடுத்த படத்துல இருக்கு. காட்டட்டுமா?"

அவர் காட்டச் சொன்னார். அக்கா காட்டினாள். அவர் ஒவ்வொரு எண்ணாகப் படித்துப் பார்த்துவிட்டு, உட்காருவதற்கு முன்னால் முதலில் கை தட்டினார். பிறகு அரங்கமே தட்டியது. பின் வரிசையில் சீருடையோடு வந்திருந்த ஒரு பேருந்து ஓட்டுநர் தட்டிய தட்டில் பக்கத்தில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஜெல்லிமீன் வரும் பருவத்துக்கு முன்னால் துறைமுகத்தில் பீப்பாய்களை ஒவ்வொன்றாகக் கரையேற்றி, சுரண்டி, மூன்று நாள் வெயிலில் காயப் போட்டார்கள். அந்த வருடம் ஜெல்லிமீன் வராமலில்லை, ஆனால் வலை கிழிகிற அளவுக்கு வரவில்லை. படகுக்காரர் ஒருவர் கல்லூரி வாசலுக்கே வந்து, "எந்தம்மா அது, கண்ணாடிய வெச்சுப் பாத்தவங்க?" என்று தேடிப் பிடித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு வருஷத்த வெச்சு முடிவு பண்ணக் கூடாதுங்க. இன்னும் நாலஞ்சு வருஷம் பாக்கணும்" என்றாள் அக்கா. "நீங்க பாருங்கம்மா, எனக்கு என் வலை முழுசா இருக்கு" என்றார் அவர்.

இளநிலை மாணவர்கள் எல்லோரும் இரண்டாம் வருடத்தில் ஒரு ஆராய்ச்சியில் சேர வேண்டும் என்று துறையில் விதியே போட்டுவிட்டார்கள். விதியை எழுதியவர் துறைத் தலைவர்தான். தான் முதலிலிருந்தே ஆதரவு என்று அவர் சொல்லிக்கொள்வதை மேடம் மறுப்பதில்லை.

பட்டம் வாங்கும் தறுவாயில் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. அரசின் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று முதல் முறையாக இளநிலை மாணவர் மூன்று பேருக்கு இடம் ஒதுக்கியிருந்தது. பன்னிரண்டு நாள் பயணம், இருபத்தாறு இடத்தில் வலை இறக்கி மாதிரி எடுக்க வேண்டும். அதில் ஓர் இடம் அவளுக்கு.

கரை மறைந்த முதல் மணி நேரத்திலேயே அவளுக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாளும் ஒரு கையில் வாளி, ஒரு கையில் புட்டியில் ஒட்டும் சீட்டு. வலையை ஏற்றி இறக்கும் வின்ச்காரர் பார்த்துப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல் சொன்னார்.

"போய்ப் படுங்கம்மா. வர்ற எல்லாருக்கும் இப்படித்தான். ஒண்ணு ரெண்டு விட்டுப்போனா கடல் கோவிச்சுக்காது."

"நான் கோவிச்சுக்குவேன் அண்ணே. வலையத் தூக்குங்க."

இருபத்தாறு இடத்தில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஐந்தாம் நாள் காலையில் தலைசுற்றல் தானாக நின்றது. அன்று கடல் தகடு போல் கிடந்தது. வலை மேலே வந்தது, நீர் வடிந்தது. வலையின் அடியில் மாட்டியிருந்த புட்டியை அவள் கழற்றி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே ஆயிரம் உயிர்கள் மேலும் கீழும் ஓடின. அதில் பாதிக்கு மேல் அவளுக்குப் பெயர் தெரியாது. வாயெல்லாம் பல்லாக, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று எல்லோரையும் விலக்கிக்கொண்டு மைக்ராஸ்கோப் இருந்த அறையை நோக்கி ஓடினாள்.